எழுத்துக்கல்லும் என் உபயமும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. தூசி தட்டிட்டு உட்கார்ந்தா முதல் பதிவே சண்டைப் பதிவா அமைஞ்சு போச்சு. யாரோட சண்டைன்னு கேட்டா, முக்கால்வாசி உங்களோட, மீதி என்னோட. கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

ஆரம்பிச்சு வச்சது மொராக்கோ. துபாய்ல வேலை பார்க்குற நம்ம சேக்காளி ஒருத்தன் குடும்பத்தோட அங்க போய்ட்டு வந்து வாட்ஸப் குழுமத்துல நூத்தி எண்பது போட்டோ கொட்டியிருந்தான். ஃபெஸ் நகரத்தோட பழைய சந்து, கார் நுழைய முடியாத தெரு, சாமான் சுமக்குற கழுதை, தோல் பதனிடுற தொட்டிங்க, அப்புறம் அபூ இனான் மதரஸா. அந்த மதரஸாவுல சின்னச் சின்னதாக் கையால வெட்டிப் பதிச்ச ஓடு, அதுக்கு மேல சுண்ணாம்புல செதுக்கின பூவேலை, அதுக்கும் மேல மரவேலை. நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. கடைசிப் போட்டோவுக்குக் கீழ ஒரு வரி போட்டிருந்தான் பாருங்க: "நம்ம ஊர்ல இந்த மாதிரி எல்லாம் எங்கடா இருக்கு?"

அதுலதான் எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு.

ஏன்னா அந்த மதரஸாவைக் கட்டின சுல்தான் அபூ இனான்தான், உலகம் சுத்திட்டு ஊர் திரும்பின ஒரு மனுஷனைக் கூப்பிட்டு "நீ பார்த்ததை எல்லாம் சொல்லு, எழுதி வைக்கணும்"னு உத்தரவு போட்டவர். அந்த மனுஷன் இப்னு பதூதா. 1304-ல தாஞ்சியர்ல பிறந்தவர். அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸய்ங்கறவர் எழுதி முடிச்சது 1355-ல. அந்தப் புத்தகத்துல வர்ற மஅபர் கரை எதுன்னு நினைக்கிறீங்க? சாட்சாத் நம்ம கரைதான். 1344 வாக்குல இலங்கையில இருந்து கிளம்பின கப்பல் கரைக்குக் கொஞ்ச தூரத்துல மாட்டிக்கிச்சு. ராத்திரி பூரா உடைஞ்ச கப்பல்லயே கிடந்து, இந்தக் கரைக்காரங்க வந்து காப்பாத்தித்தான் அவர் தரை ஏறினாரு. அப்ப மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் தாமகானி அவருக்குச் சகலை முறை. அப்படியிருந்தும் அந்த ஆள் பொம்பளைங்களையும் குழந்தைங்களையும் கொன்னதைப் பார்த்துட்டு, இது அருவருப்பான காரியம்னு தயங்காம எழுதி வச்சிருக்காரு. பத்தன்னு ஒரு துறைமுகப் பட்டினத்தைப் பத்தியும் சொல்றாரு. பெரிய, அழகான ஊராம். நல்ல துறைமுகமாம். கல்லால கட்டின அருமையான பள்ளிவாசல் இருந்துச்சாம். அது எந்த ஊர்னு ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ள ஒரே கருத்து கிடையாது. ஆனா நம்ம ராமநாதபுரம் பக்கத்துப் பெரியபட்டினம்தான்னு சொல்றவங்க கணிசமா இருக்காங்க.

ஆக, மொராக்கோக்காரர் ஒருத்தர் நம்ம ஊர் பள்ளிவாசலைப் பார்த்து அசந்து போய் அவங்க ஊர்ல உட்கார்ந்து எழுதி வைக்கச் சொன்னாரு. எழுநூறு வருஷம் கழிச்சு நம்ம பய அதே ஊருக்கு விமானம் ஏறிப் போய் "நம்ம ஊர்ல எங்கடா இருக்கு"ங்கறான். அவன் பிறந்தது பெரியபட்டினத்துல இருந்து பஸ்ஸுல அரை மணி நேரம். :-(

சரி, அவனை விடுங்க, பாவம். உங்ககிட்ட வர்றேன்.

ராமேஸ்வரம் போய்ட்டு வந்து பதிவு போடாத தமிழ்ப் பதிவர் யாராவது உண்டா? நானும் படிச்சுக்கிட்டேதான் இருக்கேன். எல்லாமே ஒரே அச்சுல வார்த்த இட்லி. பாம்பன் பாலத்துல வண்டியை நிறுத்திப் போட்டோ. (1914-ல திறந்த பழைய ரயில் பாலத்துல 2022 டிசம்பரோட ரயில் நின்னுடுச்சு. 2025 ஏப்ரல்ல புதுசு திறந்தாச்சு. இன்னும் பழைய பாலத்து மேல ரயில் ஓடுதுன்னு எழுதுறவங்க தயவுசெஞ்சு திருத்திக்குங்க.) அடுத்து இருபத்திரண்டு தீர்த்தம், மூணாம் பிரகாரத்துல தூண் வரிசைக்கு நடுவுல நின்னு ஒண்ணு, பேய்க்கரும்புல கலாம் நினைவிடம், கடைசியா தனுஷ்கோடி. 2017-ல அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டதுல இருந்து அங்க போறது மெரினாவுக்குப் போற மாதிரி ஆயிடுச்சு. 1964 டிசம்பர் புயல்ல ரயிலோட நூறு பேருக்கு மேல கடலுக்குள்ள போன இடம் அது. இடிஞ்ச சர்ச் சுவத்துல சாய்ஞ்சு கூலிங் கிளாஸ் போட்டோ எடுத்துட்டு "பேய் நகரம்"னு தலைப்பு வச்சா பதிவு ரெடி. சாய்ஞ்சு நிக்கிற சுவர் என்ன கல்லுன்னாவது தொட்டுப் பார்த்தீங்களா? முருகைக்கல்லு மக்கா. கடல்ல இருந்து வெட்டி எடுத்த பவளப் பாறை.

மதுரையில இருந்து வர்ற வேன், ராமநாதபுரத்தை ஒரு டீயோட கடந்துடுது. பரோட்டா நல்லா இருந்துச்சுன்னு ஒரு வரி வந்தா எங்க ஊரோட அதிர்ஷ்டம்.

ராம்நாட்ல ஆட்டோக்காரர்கிட்ட "அரண்மனை போகணும்"னு சொல்லிப் பாருங்க. கரெக்டா கொண்டுபோய் விடுவாரு, ஜவுளிக்கடை வாசல்ல. உள்ளூர்க்காரங்களுக்கு அரண்மனைன்னா கடைத்தெரு. தீபாவளிக்குத் துணி எடுக்குற இடம், நகைக்கடை, பாத்திரக்கடை. எங்க தெருவுல அறுபது வருஷமா இருக்குற பெரியவர் ஒருத்தர்கிட்ட "மாமா, ராமலிங்க விலாசம் பார்த்திருக்கீங்களா?"ன்னு கேட்டேன். "அது எந்த ஓட்டல் மாப்ள?"ன்னாரு. சத்தியமா சொல்றேன், சிரிக்கல நான்.

ராமலிங்க விலாசம் ஓட்டல் இல்ல மாமா. போகலூர்ல இருந்த சேதுபதிகளோட தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாத்தின கிழவன் சேதுபதி கட்டின அரண்மனை மண்டபம். பதினேழாம் நூற்றாண்டுக் கடைசி. உள்ள போனா கோயில் மாதிரியே மகாமண்டபம், அர்த்தமண்டபம், அதைத் தாண்டி கருவறை மாதிரி ஒரு அறைன்னு அடுக்கடுக்காப் போகும். சுவரு, விதானம், தூணுன்னு இடம் விடாம ஓவியம். பெரும்பாலும் அடுத்து வந்த முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்துல, அதாவது 1713-லிருந்து 1725-க்குள்ள வரைஞ்சது. ராமாயணம் இருக்கு, பாகவதம் இருக்கு. அதோட நிக்கல. தஞ்சாவூர் மராட்டியரோட நடந்த சண்டை இருக்கு, பீரங்கியும் குதிரையுமா. ராஜாவைப் பார்க்க வந்த வெள்ளைக்காரங்க தொப்பியும் கோட்டுமா நிக்கிறாங்க. ராஜராஜேஸ்வரி அம்மன் சேதுபதிக்குச் செங்கோல் குடுக்குறா. மாடியில ராஜாவோட அந்தரங்க வாழ்க்கைகூட உண்டு, குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போறவங்க முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்குங்க. :-)

பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டு அரசன் ஒருத்தன் தன்னை எப்படிப் பார்த்துக்கிட்டான்னு அவனே சொல்ற சாட்சி இது. இப்படிக் கண்ணால பார்க்கக் கிடைக்கிற இடம் நமக்கு எத்தனை மிச்சம்? விரல் விட்டு எண்ணிடலாம். நான் போன மூணு தடவையும் உள்ள என்னைத் தவிர நாலஞ்சு பேருதான். அதுல ரெண்டு பேரு காதலர்கள். அவங்களும் சுவத்தைப் பார்க்கல.

கிழவன் சேதுபதியை நல்லவர் வல்லவர்னு தூக்கிப் பிடிக்க நான் வரல. ஓரியூர்ல 1693-ல அருளானந்தரோட தலையை வெட்டச் சொன்ன ஆட்சியும் அவரோடதுதான். அதே ராஜாவுக்கு நெருக்கமான ஆலோசகரா இருந்தவர் கீழக்கரை வணிகர் சீதக்காதி. உமறுப் புலவர் சீறாப்புராணம் பாட ஆதரவு குடுத்த வள்ளல். இதுவும் உண்மை, அதுவும் உண்மை. வரலாறுங்கறது நமக்குப் பிடிச்சதை மட்டும் பொறுக்கி எடுக்குற காய்கறிக் கூடை கிடையாது.

சீதக்காதின்னதும் கீழக்கரை ஞாபகம் வரும். ராம்நாட்ல இருந்து பதினேழு பதினெட்டு கிலோமீட்டர். முத்து, சங்கு, குதிரை வியாபாரம் நடந்த பழைய துறைமுகம். டச்சுக்காரங்க பண்டகசாலை வச்சிருந்த ஊரு. அங்க இருக்குற கல் ஜும்மா பள்ளியை ஒரு தடவையாவது போய்ப் பாருங்க. தூணு, போதிகை, போதிகையில இருந்து கீழ தொங்குற வாழைப்பூ மொட்டு எல்லாம் நம்ம கோயில் மண்டபத்துல பார்க்குற அதே கல்தச்சன் கைவேலை. உருவம் மட்டும் இருக்காது, அதுக்குப் பதிலா பூவும் கொடியும் கோலமும். சீதக்காதி அடங்கியிருக்குறதும் அங்கதான். இணையத்துல ஒரு கதை சுத்துது, இது 628-ல கட்டினதுன்னு. நிக்கிற தூணைப் பார்த்தா அது பதினேழாம் நூற்றாண்டுக் கல்லு. ஆயிரம் வருஷத்தை ஓசியில கூட்டி விட்டாத்தான் பெருமையா? சேதுபதி காலத்துக் கல்தச்சன் பள்ளிவாசலுக்கும் தூண் செஞ்சு குடுத்தான்ங்கற நிஜம், அந்தப் பொய்யை விட எனக்குப் பெருமையா இருக்கு.

அங்க வாசல்ல உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "எங்கிட்டு இருந்து வர்றிய தம்பி?"ன்னு கேட்டாரு. ராம்நாட்ல இருந்துதான்னேன். ஒரு மாதிரியாப் பார்த்துட்டு, "தூணைப் பார்க்க வெளிநாட்டுக்காரவுக வர்றாக. ராம்நாட்ல இருந்து வந்த மொத ஆளு நீங்கதான்"னாரு. கிண்டலா நிஜமான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

இதுவரைக்கும் சொன்னது "போய்ப் பாருங்கப்பா"ங்கற வழக்கமான புலம்பல்தான். சொல்ல வந்த விஷயம் வேற. நம்ம ஊர்ல பழைய கட்டிடம் அழியுதுன்னதும் நாம யாரைத் திட்டுவோம்? அரசாங்கம் கண்டுக்கல, நிதி இல்ல, வெள்ளைக்காரன் கொண்டு போய்ட்டான், மாலிக் காபூர் இடிச்சுட்டான். எல்லாத்துக்கும் ஒரு வில்லன் ரெடியா வச்சிருக்கோம். ஆனா என் கண் முன்னாடி, என் வாழ்நாள்ல, இந்தக் கரையில அழிஞ்ச பழைய கட்டிடங்கள்ல பெரும்பாலானது அலட்சியத்தால அழியல. அன்பால அழிஞ்சுது. பக்தியால, வெளிநாட்டுச் சம்பளத்தால, "நம்ம சாமிக்கு நாம செய்யாம யாரு செய்வா"ங்கற நல்ல மனசால அழிஞ்சுது. கோயில், பள்ளிவாசல், சர்ச், சத்திரம், எதுவும் விதிவிலக்கு கிடையாது. மதம் மட்டும்தான் வேற, டைல்ஸ் கம்பெனி ஒண்ணுதான்.

யாரோ செஞ்சதைச் சொல்லல. நான் செஞ்சதைச் சொல்றேன்.

எங்க பூர்வீக ஊர் கடலோரமா ஒரு சின்ன கிராமம். பேரு வேண்டாம். அங்க ஒரு சிவன் கோயில். பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு கருவறை, ஒரு அர்த்தமண்டபம், முன்னாடி நாலு தூண். அர்த்தமண்டபத்துக்குள்ள நுழையுற இடத்துல தரையோட ஒரு நீளக் கல்லு, அது பூரா எழுத்து. ஊர்ல அதுக்குப் பேரே எழுத்துக்கல்லு. சின்னப் பிள்ளையில அதை மிதிச்சா அப்பத்தா முதுகுல ஒண்ணு வைக்கும். "எழுத்தை மிதிக்காதடா, சரஸ்வதி"ன்னு. தாண்டித்தான் போகணும். எனக்குக் கால் எட்டாத வயசுல அப்பா தூக்கி அந்தப் பக்கம் விடுவாரு.

2006-ல கும்பாபிஷேகம். நான் அப்ப சிங்கப்பூர்ல. அப்பா போன்ல, "ஊர்ல எல்லாரும் குடுக்குறாங்கப்பா. நம்ம பேரு இல்லாம இருந்தா நல்லாவா இருக்கும்?"னாரு. இருபத்தஞ்சாயிரம் அனுப்பினேன். சந்தோஷமாத்தான் அனுப்பினேன். கும்பாபிஷேக வீடியோ வந்துச்சு, பார்த்தேன், கூட வேலை பார்க்குறவங்களுக்கெல்லாம் காட்டினேன். பளபளன்னு இருந்துச்சு.

2011-ல ஊருக்கு வந்து கோயிலுக்குப் போனேன். அர்த்தமண்டபத்துல நுழையும்போது பழக்க தோஷத்துல கால் தானாத் தூக்கித் தாண்டுச்சு. கீழ பார்த்தா கிரானைட். சுவத்துல தோள் உயரத்துக்கு டைல்ஸ், குளிக்கிற ரூம்ல ஒட்டுவோமே, அதே. தூணு நாலும் பச்சை, மஞ்சள் எனாமல். வேலை பார்த்த கொத்தனாரு நம்ம தெருதான். "அந்தக் கல்லு எங்கண்ணே?"ன்னேன். "அது ஒசரமா நின்னுச்சு தம்பி, லெவல் வரல. ரெண்டா ஒடச்சு அடியில போட்டு நிரவிட்டோம். நல்ல கல்லு, வீணாக்கல"ன்னாரு. அவர் மேல ஒரு தப்பும் இல்ல. அவர்கிட்ட லெவல் பண்ணச் சொன்னாங்க, பண்ணினாரு.

சுவத்துல சலவைக்கல் பலகை. உபயதாரர்கள். ஏழாவது பேரு என்னோடது. இனிஷியல் தப்பு.

அந்தக் கல்லுல என்ன எழுதியிருந்துச்சுன்னு இன்னிக்கு ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. படிச்சவங்க கிடையாது, படி எடுத்தவங்க கிடையாது, எங்க யார்கிட்டயும் ஒரு போட்டோகூட இல்ல. கல்யாண ஆல்பம் எல்லாம் புரட்டித் தேடினேன். ஒரே ஒரு படத்துல கல்லோட ஓரம் தெரியுது, அதுக்கு மேல எங்க சித்தியோட பட்டுச்சேலை. ரெண்டு தலைமுறையா ஊருணிக்கு எல்லை எதுன்னு எங்க ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் பஞ்சாயத்து ஓடிக்கிட்டு இருக்கு. பழைய கல்வெட்டுங்கள்ல பாதி நில தானமும் எல்லையும்தான் எழுதியிருக்கும். எங்க கல்லுல அது இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். இனிமே தெரிஞ்சுக்க வழி இல்லைங்கறதுதான் விஷயம். அந்த வழியை அடைச்சதுல இருபத்தஞ்சாயிரம் என் காசு.

ஒரு கல்லு போனா என்ன குடியா முழுகிடும்னு கேக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். திருப்புல்லாணி ஜெகந்நாதப் பெருமாள் கோயில் தெரியும்தானே, ராமர் தர்ப்பையில படுத்த இடம்? அங்க பாண்டியர் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. பவித்திரமாணிக்கப்பட்டினத்துல இருந்த சோனகர் பள்ளிவாசலுக்கு ராஜா நிலம் விட்ட செய்தி அதுல இருக்கு. பவித்திரமாணிக்கப்பட்டினம்னா இப்பத்த பெரியபட்டினம். பள்ளிவாசலுக்குக் குடுத்த தானத்தைப் பெருமாள் கோயில் கல்லுல வெட்டி வச்சிருக்காங்க மக்கா. இப்னு பதூதா வர்றதுக்கு முந்தியே. 1987-ல தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் பெரியபட்டினத்துல தோண்டினப்ப சீனப் பீங்கான் ஓடா வந்துச்சு. மொராக்கோ எழுத்து, பெருமாள் கோயில் கல்லு, மண்ணுக்கு அடியில சீனத்து ஓடு, மூணும் ஒரே கரையைக் கைகாட்டுது.

இப்ப யோசிங்க. யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் ஐம்பது வருஷம் முன்னாடி பக்தியோட அந்தக் கல்லு மேல டைல்ஸ் ஒட்டியிருந்தா? இன்னிக்கு டிவியிலயும் வாட்ஸப்புலயும் "இவன் நேத்து வந்தவன், அவன் முந்தாநாள் வந்தவன்"னு கத்துறவங்களுக்குக் காட்ட நம்மகிட்ட என்ன இருந்திருக்கும்? நாக்குக்கு நாக்கு சண்டை போட்டுக்கிட்டே இருக்க வேண்டியதுதான். கல்லு பேசுற இடத்துலதான் கத்துறவன் வாயை மூடுவான். கல்லோட வாயை நாமளே சிமென்ட் வச்சுப் பூசிட்டா அப்புறம் யாரு பேசுறது?

இதைச் சொன்னதும் பின்னூட்டத்துல என்ன வரும்னு தெரியும். "கோயில் என்ன மியூசியமா? சாமி கும்பிடுற இடம்யா. வயசானவங்க தடுக்கி விழுறாங்க, மழைக்கு ஒழுகுது, வவ்வால் நாத்தம். நீ சென்னையில ஏசியில உட்கார்ந்துக்கிட்டு பழமையைக் காப்பாத்துன்னு சொல்லுவ." நியாயமான கேள்விதான். நானும் கேட்டிருக்கேன், எங்க அப்பாகிட்ட இதே வாதத்தை வச்சு ஜெயிச்சிருக்கேன்.

மியூசியம் ஆக்கச் சொல்லல. விளக்கு எரியட்டும், தொழுகை நடக்கட்டும், பூசை நடக்கட்டும். புழங்குற கட்டிடம்தான் உயிரோட இருக்கும். ஆனா தடுக்கி விழுறதுக்கு மருந்து டைல்ஸா? ஈரக்கால் பட்டா டைல்ஸ்தான் வழுக்கும், கருங்கல் வழுக்காது. எங்க கோயில்ல கிரானைட் போட்ட அப்புறம்தான் ரெண்டு பாட்டிங்களுக்கு இடுப்பு போச்சு. ஒழுகலுக்கு மருந்து சிமென்டா? கடலோரத்துல சுண்ணாம்புக் கட்டிடம் மூச்சு விடும். உள்ள போன ஈரம் வெளிய வந்து காஞ்சுடும். மேல சிமென்ட் பூசினா ஈரமும் உப்பும் உள்ளயே மாட்டிக்கும், உப்பு உள்ளுக்குள்ள பூத்துப் பூத்துக் கல்லைப் பொரிய வைக்கும். நாலு வருஷத்துல பூச்சு பொத்துன்னு விழும், விழும்போது பழைய காரையையும் பேத்து எடுத்துட்டு வரும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறப் போட்ட தண்ணியில சுண்ணாம்பு அரைச்சுக் கட்டினாங்க நம்மாளுங்க. பனைக்குப் பேர் போன மாவட்டம் இது, கருப்பட்டிக்கா பஞ்சம்? செட்டிநாட்டுப் பக்கம் கண்ணாடி மாதிரி சுண்ணாம்புப் பூச்சு பூசத் தெரிஞ்ச கை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. நம்ம சேக்காளி வாயைப் பிளந்து பார்த்தானே மொராக்கோ, அங்கயும் சுண்ணாம்பைப் பூசிக் கூழாங்கல்லால தேய்ச்சுச் சோப்புப் போட்டு மெருகேத்துற வேலை இன்னும் நடக்குது. ஃபெஸ்ஸுல ஓடு வெட்டுற கைக்கு இன்னும் வேலை இருக்கு. அங்கயும் ஒட்டுறது ஓடுதான், இங்கயும் ஒட்டுறது ஓடுதான். அங்க அது அந்த ஊரோட கலை. இங்க அது நம்ம கலைக்குப் போர்த்துற கோடித்துணி.

"சட்டம் இருக்கே"ம்பீங்க. இருக்கு. தமிழ்நாட்டு மரபுச்சின்ன ஆணையச் சட்டம் 2012-ல போட்டாங்க, நடைமுறைக்கு வர 2024 ஆச்சு. சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூன்ல கோயில், சிலை, பழைய கட்டிடம் எல்லாத்தையும் பாதுகாக்கச் சொல்லி எழுபத்தஞ்சு உத்தரவு போட்டுச்சு. 2025-26 பட்ஜெட்ல ராமநாதபுரத்துக்கு இருபத்தோரு கோடியில நாவாய் அருங்காட்சியகம்னு அறிவிப்பு வந்துச்சு. வரட்டும், ரொம்ப சந்தோஷம், மொத டிக்கெட் நான்தான். ஆனா எங்க ஊர் மாதிரி நாலு தூண் கோயிலுக்கும், தெருமுனைப் பள்ளிவாசலுக்கும், சேது யாத்திரைக்காரங்களுக்காகக் கட்டிப் போட்ட சத்திரத்துக்கும் வந்து எந்தச் சட்டம் காவல் நிக்கும்? ராத்திரி எட்டு மணிக்கு வரவு செலவுக் கூட்டத்துல "தரையை என்ன பண்ணலாம்"னு பேசும்போது அங்க நீதிபதி இருக்க மாட்டாரு. நீங்க இருப்பீங்க. இல்லாட்டி உங்க அப்பா இருப்பாரு, போன்ல உங்க அபிப்பிராயம் கேட்பாரு.

ராமலிங்க விலாசம் ஏன் தப்பிச்சுதுன்னு பல தடவை யோசிச்சிருக்கேன். தொல்லியல் துறைகிட்ட இருக்குங்கறது ஒரு காரணம். இன்னொண்ணும் இருக்கு, அங்க யாருக்கும் வேண்டுதல் கிடையாது. வேண்டுதல் இருந்திருந்தா சேதுபதியோட பீரங்கிச் சண்டை மேல இந்நேரம் எனாமல் பெயின்ட்டும் உபயதாரர் பலகையும் ஏறியிருக்கும்.

அதனால ஊர் சுத்துற பதிவர் பெருமக்களே, உங்ககிட்ட கேக்குறது நாலே நாலு விஷயம்.

ஒண்ணு. அடுத்த தடவை ராமேஸ்வரம் போகும்போது ராமநாதபுரத்துக்கு ஒரு பகல் ஒதுக்குங்க. காலையில ராமலிங்க விலாசம், அப்புறம் திருப்புல்லாணி, அப்படியே கீழக்கரை. தொழுகை நேரம் பார்த்து, கேட்டுட்டு உள்ள போங்க, யாரும் விரட்ட மாட்டாங்க. உங்க சாமி இருக்குற இடத்துக்கு மட்டும் போய்ட்டுத் திரும்பாதீங்க. பெருமாள் கோயிலுக்குப் போறவன் பள்ளிவாசலுக்குப் போறதில்ல, பள்ளிவாசலுக்குப் போறவன் ஓரியூருக்குப் போறதில்ல. ஆளுக்கு ஒரு துண்டு வரலாறு வச்சிருந்தா அது கிழிஞ்ச துணிதான்.

ரெண்டு. எழுத்து இருக்குற கல்லைப் பார்த்தா உங்க மூஞ்சி இல்லாம ஒரு படம் எடுங்க. காலை இல்ல சாயங்கால வெயில் சாய்வா விழும்போது எடுத்தா எழுத்து நல்லா எழுந்து வரும். பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு, கல்லு எந்த இடத்துல இருக்குன்னு தெரியுற மாதிரி தள்ளி நின்னு இன்னொண்ணு எடுங்க. சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் தேய்க்காதீங்க. படிக்கத் தெரியலைன்னாலும் பரவாயில்ல, விக்கிமீடியா பொதுவகத்துல ஏத்திவிடுங்க. படிக்கத் தெரிஞ்சவங்க படிப்பாங்க.

மூணு. உங்க ஊர்ல திருப்பணி, புதுப்பிக்குறதுன்னு பேச்சு வந்தா கூட்டத்துல ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எந்தக் கல்லை எடுக்கப் போறோம், அதுல எழுத்து இருக்கா?" இதைக் கேட்டதுக்காக ஊரை விட்டு ஒதுக்கி வைக்க மாட்டாங்க. நான் கேட்கலை. அந்த ஒரு கேள்விதான் எங்க கல்லுக்கும் கொத்தனார் சம்மட்டிக்கும் நடுவுல நின்னிருக்கணும்.

நாலு. காசு குடுங்க, தாராளமா குடுங்க. ஆனா ஒழுகல் அடைக்க, தண்ணி வடிய வாய்க்கால் வெட்ட, மேல முளைச்ச ஆலங்கன்னு பிடுங்க, சுண்ணாம்பு வாங்கன்னு சொல்லிக் குடுங்க. டைல்ஸுக்குன்னா பத்துப் பைசா கிடையாதுன்னும் சொல்லுங்க. கருமின்னு பேர் வாங்கினாலும் பரவாயில்ல.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். என் பையனுக்கு ஆறு வயசு. அர்த்தமண்டபத்துல நுழையும்போது நான் இன்னமும் அந்த இடத்தைத் தாண்டித்தான் போறேன். அவனும் என்னைப் பார்த்துட்டு தாண்டினான். "ஏம்பா இங்க மட்டும் தாண்டுற?"ன்னு கேட்டான். கீழ எழுத்து இருக்குடான்னேன். குனிஞ்சு பார்த்தான். கிரானைட்ல அவன் மூஞ்சிதான் தெரிஞ்சுது.

பி.கு. 1: மொராக்கோ சேக்காளிக்கு இந்தப் பதிவோட சுட்டியை அனுப்பியாச்சு. பெருநாளுக்கு ஊருக்கு வர்றானாம், பெரியபட்டினம் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன். வண்டியும் சாப்பாடும் அவன் செலவு. :-)

பி.கு. 2: உங்க ஊர்லயும் டைல்ஸுக்கு அடியில எழுத்துக்கல்லு இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. உபயதாரர் பலகையில உங்க பேரும் இருந்தா அதையும் மறைக்காம சொல்லுங்க.